நின்றுபோன பத்மினி: தள்ளுவதா, ஜம்பர் கேபிளா?

மாமாவின் பழைய பிரீமியர் பத்மினி கார், மயிலாப்பூர் வீட்டு வாசலில் ஐந்து மாதமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “நாலு பசங்களைக் கூப்பிடு, தள்ளிடலாம்” என்றார் மாமா. எனக்கோ, இன்னொரு கார் பேட்டரியிலிருந்து கரண்ட் கொண்டுவரும் ஜம்பர் கேபிள் மேல்தான் நம்பிக்கை.

செலவு: தள்ளினால் டீக்காசு. கேபிள் சில நூறு ரூபாய், ஒரு தடவை வாங்கினால் போதும்.

சிரமம்: தள்ள ஆள் வேண்டும், காலித் தெரு வேண்டும். இரண்டாம் கியரில் கிளட்சை அழுத்தி, வேகம் வந்ததும் சட்டென்று விட வேண்டும். கேபிளுக்கு இன்னொரு 12 வோல்ட் கார் பக்கத்தில் நின்றால் சரி.

பலன்: விஷயமே இங்கேதான். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் டேங்கிலிருந்து இழுக்கும். தள்ளும்போது கிடைக்கும் சில சுற்று அதற்குப் போதாது. பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் பொறிக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் காயிலுக்குக் கரண்ட் இல்லை, பிளக்கில் பொறியும் இல்லை. கேபிள் போட்டால் நிதானமாகச் சுற்றவிடலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்டை விட்டுவிட்டுத் தரும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட்; நம் ஊர்க் கடற்காற்றில் அது களிம்பு பூத்திருந்தால் இரண்டுமே வீண். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை.

நேற்று ஓடிய வண்டி, ராத்திரி லைட்டை அணைக்க மறந்துவிட்டீர்கள் என்றால் தள்ளுங்கள். மாதக்கணக்கில் நின்றதென்றால் கேபிள்தான். கருப்பு ஒயரின் கடைசி முனையை எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள், செத்த பேட்டரியில் வேண்டாம்.

மாமா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தள்ள வந்த பசங்களுக்கு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.