பத்து ரூபாய் மஞ்சப்பை: பைக்குக் குறையில்லை, இயந்திரத்திற்குத்தான்

எங்கள் பகுதிக் காய்கறிச் சந்தையின் வாசலில் நிற்கும் தானியங்கி இயந்திரத்தில் பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டால், உள்ளே ஏதோ சுழலும் ஓசை கேட்டு, மடித்த மஞ்சப்பை ஒன்று கீழே வந்து விழுகிறது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று கடைக்காரர்களும் நடத்துநர்களும் பல ஆண்டுகளாகத் திருப்பி நீட்டிய ஊரில், அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட முதல் வியாபாரி இந்த இயந்திரம்தான்.

எட்டு மாதங்களில் மூன்று பைகள் வாங்கினேன். இரண்டு கிலோ தக்காளி, ஒரு கிலோ வெங்காயம், மேலே ஒரு கீரைக்கட்டு என்ற அளவுக்குத் தாராளமாகத் தாங்குகிறது. கைப்பிடி சேரும் இடத்தில் குறுக்குத் தையல் போட்டிருப்பதால் இதுவரை ஒன்றும் பிரியவில்லை. முதல் துவைப்பில் சாயம் விடும் என்பதை ஒரு வெள்ளை வேட்டியைப் பலி கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். திருமண வீட்டுத் தாம்பூலப் பையைவிடத் துணி சற்றுக் கனம், பத்து ரூபாய்க்கு இது நியாயமான சரக்கு.

இந்தப் பைக்குப் பின்னால் இரண்டு ஆட்சிகளின் கை இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்கான தடையை 2018 ஜூன் மாதம் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அது 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்சி மாறிய பிறகு, 2021 டிசம்பர் 23 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கினார். நாற்காலி மாறியதும் முந்தைய திட்டத்தின் பெயர்ப்பலகை கழன்றுவிடும் வழக்கமுள்ள இடத்தில், ஒருவர் போட்ட தடைக்கு மற்றவர் மாற்றுப்பொருளைத் தேடிக் கொடுத்தது அபூர்வம். மத்திய அரசின் விதி 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளைத்தான் தடுக்கிறது. தமிழ்நாட்டின் தடையோ தடிமனைப் பார்ப்பதில்லை. காகிதத்தில் நம்முடையது கடுமையான சட்டம்.

சந்தைக்குள் நுழைந்தால் கதை வேறு. நான் வெறுங்கையோடு இயந்திரத்தை நம்பிப் போன ஆறு முறைகளில் இரண்டு முறை பை தீர்ந்திருந்தது, ஒருமுறை நாணயத்தை விழுங்கிவிட்டு மௌனமாக நின்றது. புகார் சொல்ல அருகில் ஆளில்லை. அதிலிருந்து பத்தடி தள்ளியிருக்கும் கடையில் கேட்காமலே பாலித்தீன் பையில் கத்தரிக்காயைப் போட்டுக் கொடுக்கிறார்கள். “நான் கொடுக்கலேன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க சார்” என்றார் கடைக்காரர். அபராதம் விதிக்க வருபவர்கள் அவருடைய தராசு வரைக்கும்தான் வருகிறார்கள். அந்தக் கட்டுப் பைகள் எந்த ஆலையில் உருவாகி, எந்த லாரியில் வந்து இறங்கின என்று யாரும் அவரிடம் கேட்டதில்லையாம். ஒரு பக்கம் பத்து ரூபாய்ப் பை, மறுபக்கம் இலவசப் பை என்று இருக்கும்வரை, அவசரத்தில் வருபவர் எதை எடுப்பார் என்பதில் ஐயமில்லை.

இதே பத்து ரூபாயை வேறு விதமாகப் பயன்படுத்திக் காட்டிய இடம் நீலகிரி. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2022-இல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் முறை வந்தது. பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் பாட்டில் காட்டுக்குள் போகாது என்ற எளிய கணக்கு. மஞ்சப்பைக்கும், வாங்கிய பையைக் கொண்டுவந்து தந்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் வழி ஒன்று இருந்தால், வீட்டில் பை இருந்தும் மறந்து வந்தவர்கள் தயங்காமல் நாணயத்தைப் போடுவார்கள்.

பையைத் தயங்காமல் வாங்கலாம். இயந்திரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்; வாங்கிய பையை வண்டியின் பெட்டியிலேயே மடித்து வைத்துவிடுங்கள். மீனுக்கும் இட்லி மாவுக்கும் இது உதவாது, நான் மறுபடியும் தூக்குவாளியை எடுத்துவிட்டேன்.