வீட்டில் பிரிப்ரெக்: ஃப்ரீசர் அமீனா, டைசி எபோக்சியா?

பிரிப்ரெக் என்பது ரெசினை முன்கூட்டியே ஏற்றி வைத்து, வேண்டும்போது அச்சில் அடுக்கி வேகவைக்கும் கார்பன் துணி. அதை வீட்டில் செய்ய நடைமுறைக்கு ஒத்துவருவது இரண்டே வழி. மெதுவாக இறுகவைக்கும் அமீன் ஹார்டனர் (ரெசினை இறுக்கும் பொருள்) கலந்த சாதாரண எபோக்சி ரெசினைக் கார்பன் துணியில் ஏற்றி, உடனே ஃப்ரீசரில் போடுவது ஒன்று. டைசியாண்டையமைடு, அதாவது டைசி என்கிற வெள்ளைத் தூள் கலந்த எபோக்சியை ஏற்றி வைப்பது மற்றொன்று. டைசி சூடு காட்டும்வரை ரெசினில் கரையாமல் சும்மா கிடக்கும். சிங்கப்பூரில் செய்வதென்றால் என் தேர்வு டைசிதான். பொருள் வாங்கும் அலைச்சலையும் 120 டிகிரிக்கு மேல் போகும் ஓவன் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகும் அதையேதான் சொல்வேன்.

மற்றவற்றைச் சட்டென்று தள்ளிவிடலாம். அன்ஹைட்ரைடு ஹார்டனர் காற்றின் ஈரத்தைக் குடித்து அமிலமாகிவிடும். இந்த ஊரில் டப்பாவைத் திறக்கவே யோசிக்க வேண்டும். ரெசினை அசிட்டோனில் கரைத்துத் துணியை முக்கினால் அழகாக நனையும். ஆனால் உள்ளே தங்கும் அசிட்டோன் வேகும்போது குமிழாக வெளிவரும், வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் அந்த ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். பாதி இறுகிய நிலையில் நன்றாக நிற்கிறதே என்று மெத்திலீன் டைஅனிலின் என்ற ஹார்டனரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 1965-இல் இங்கிலாந்தின் எப்பிங்கில் இது ரொட்டி மாவில் கலந்துபோய் 84 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது.

அமீன் வழியின் கவர்ச்சி எளிமை. துடுப்பும் மாதிரி விமானமும் செய்கிறவர்கள் வாங்கும் லேமினேட்டிங் எபோக்சியே போதும். பாலிஈதர் அமீனான டி-230 என்றால் 100 கிராம் திரவ எபோக்சிக்கு 32 கிராம். ஆனால் டப்பாவில் எழுதியிருக்கும் பாட் லைஃப், அதாவது கலந்த பிறகு இறுகாமல் தாங்கும் நேரம், 25 டிகிரி செல்சியஸுக்கானது, நம் அறை 31. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வினை ஏறக்குறைய இரட்டிப்பு வேகமெடுக்கும், இறங்கினால் பாதியாகும். அந்தத் தோராயக் கணக்கில், 25 டிகிரியில் ஆறு மணி நேரம் தாங்கும் கலவை மைனஸ் 18-இல் ஐந்து நாள் தாங்கும். ஃப்ரீசர் வினையை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது.

அதையாவது திட்டமிட்டுச் சமாளிக்கலாம். தேர்வைத் தீர்மானிப்பது ஈரம். இங்கே காற்றின் பனிநிலை பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த எதுவும் வியர்க்கும். மைனஸ் 18-இலிருந்து எடுத்த பொட்டலத்தைப் பிரித்த மறுநிமிடம் ரெசின்மேல் தண்ணீர் படிந்துவிடும். அந்தத் தண்ணீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் அமீனோடு சேர்ந்து வழவழப்பான வெள்ளைப் படலமாகும். அதன்மேல் அடுத்த அடுக்கை வைத்தால் வெந்த பிறகு பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், வளைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். மிஞ்சிய தண்ணீர் சூட்டில் ஆவியாகி ஊசித்துளைகளை விடும்.

மருந்து எல்லோருக்கும் தெரியும்: பையை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். மெல்லிய பொட்டலத்துக்கு ஒரு மணி நேரம், சுருளாக வைத்தால் நாலைந்து மணி நேரம். அமீனில் அந்தக் காத்திருப்பே ஆயுளைத் தின்கிறது. ஒரு துண்டு வெட்ட முழுச் சுருளையும் வெளியே எடுத்தால் மீதியும் பாதி கெட்டது. அமீனில்தான் செய்வேன் என்பவர்கள், ஒரு வேலைக்கு ஒரு பொட்டலம் என்று முதலிலேயே வெட்டிச் சீல் வைக்கட்டும்.

டைசியில் இந்தத் தலைவலியே இல்லை. கேமரா வைக்கும் டிரை கேபினட்டில் 40 சதவீத ஈரப்பதத்தில், குளிர்சாதன அறையில், சில வாரம் கிடக்கும். ஃப்ரிட்ஜில் 5 டிகிரியில் மாதக்கணக்கில் வரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் இதையும் பை மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும், ஆனால் அந்தக் காத்திருப்பு ஆயுளைத் தின்னாது. டைசி குறைந்த சூட்டிலேயே இறுகச் சேர்க்கும் முடுக்கியின் வகைக்கேற்ப இது கூடும், குறையும். நாள்காட்டியை நம்பாமல் ஒரு பட்டையை வெட்டி 80 டிகிரித் தகட்டில் வையுங்கள். ரெசின் இளகிப் பளபளத்தால் நல்லது, அப்படியே முறைத்துக்கொண்டு கிடந்தால் தூக்கிப் போடலாம்.

ஒரு சதுர மீட்டர், 200 கிராம் டுவில் (சாய்கோட்டு நெசவு) துணிக்கு எடையில் 40 சதவீத ரெசின் என்றால் 133 கிராம் தேவை. அதில் திரவ எபோக்சி 74, திட எபோக்சி 49, டைசி 7.4, யூரியா வகை முடுக்கி 2.5 கிராம். உரக்கடை யூரியா அல்ல, எபோக்சிக்கென்றே விற்கும் யூரோன். திட எபோக்சி எதற்கு என்றால், வெறும் திரவ எபோக்சி சூட்டில் தண்ணீராகி, காற்றை உறிஞ்சி அடுக்குகளை அழுத்தும் வேக்கம் பையின் ஓரத்துக்கே ஓடிவிடும். முடுக்கி இல்லாவிட்டால் 170 டிகிரிக்கு மேல் போக வேண்டும்.

டைசி 10 மைக்ரானுக்குக் குறைவாக அரைத்ததாக இருக்கட்டும். பருமனான தூளைத் துணியே வடிகட்டி நிறுத்திவிடும். மேலே வெள்ளைப் புள்ளி, உள்ளே இறுகாத ரெசின். தூள்களை 15 கிராம் திரவ எபோக்சியில் முதலில் விழுதாக்குங்கள். மீதித் திரவத்தில் திட எபோக்சியை 120 டிகிரியில் கண்ணாடிபோலத் தெளியும்வரை கரைத்து, 70 டிகிரிக்கு ஆறவிட்டுப் பிறகுதான் விழுதைச் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போதே சேர்த்தால் வினை கைமீறிப் போய்ப் பாத்திரம் புகையும். மிஞ்சிய ரெசினைக் கட்டியாக ஓவனில் வைக்காமலிருப்பதும் இதனால்தான். தட்டில் மெல்லிசாகப் பரப்பி வேகவைத்த பிறகே குப்பைக்கு. இறுகாத ரெசினைக் குப்பைக் குழாயில் போடவே கூடாது. அந்த ஓவனில் மறுபடி சமைப்பதும் கூடாது.

கலவையைத் துணியில் நேராக ஊற்றாமல், 65 டிகிரித் தகட்டில் விரித்த ஒட்டாத சிலிக்கான் தாளில் நேரான விளிம்புள்ள பட்டையால் இழுத்துப் படலமாக்குங்கள். பட்டைக்கடியில் விடும் இடைவெளியில் ஏறக்குறைய பாதிதான் படலமாகத் தங்கும், 0.11 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 0.2 விடலாம். 30க்கு 30 சென்டிமீட்டர் தாளில் 12 கிராம் ஏறியிருக்கிறதா என்று நிறுத்துப் பாருங்கள். பிறகு துணியை வைத்து உருளையால் லேசாக அழுத்தினால் போதும். மேற்புறத்தில் ரெசின் முழுதும் ஏறாமல் அரைகுறையாக உலர்ந்திருப்பது குறையே இல்லை. ஆட்டோகிளேவ் என்ற உயர் அழுத்த ஓவன் இல்லாத நமக்கு, அடுக்குகளுக்கிடையே மாட்டிய காற்று வெளியேற அந்த உலர்ந்த இழைகள்தான் வழி.

வேக்கம் பையில் 80 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தி, நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்கு மிகாமல் 125-க்கு ஏற்றி ஒன்றரை மணி நேரம். சிம் லிம் டவரில் கிடைக்கும், சூட்டைக் கட்டுப்படுத்தும் பிஐடி கன்ட்ரோலரும் சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிளும் போதும், ஆனால் தெர்மோகப்பிள் முனை ஓவன் காற்றில் தொங்காமல் பொருளைத் தொட்டிருக்க வேண்டும். இப்படி வெந்தது 100 டிகிரியிலும் விறைப்பாக நிற்கும். அறைச் சூட்டில் மட்டும் இறுகிய அமீன் எபோக்சி 55 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். திறந்தவெளிக் கார்நிறுத்தத்தில் வெயில் காயும் டாஷ்போர்டு அதைத் தாண்டிவிடும்.

டைசி தோற்கும் இடம் அச்சு, அதாவது மோல்டு. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்டரில் அச்சடித்த மோல்டு 60 டிகிரியில் குழையும், நீலப் பாலிஸ்டைரின் நுரை 80-இல் சுருங்கும். நுரையை உள்ளே வைத்துச் செய்யும் பலகைக்கு அமீனே சரி, அதையும் ஃப்ரீசருக்கு அனுப்பாமல் அன்றைக்கே ஏற்றி அன்றைக்கே வேக்கம் போடுவது மேல். டைசிக்கு அலுமினிய மோல்டு நல்லது. ஆனால் ஒரு மீட்டர் அலுமினியம் 100 டிகிரி ஏற்றத்தில் 2.3 மில்லிமீட்டர் நீளும், கார்பன் அவ்வளவாக அசையாது. ஆறும்போது குழி அச்சு பொருளை இறுகப் பிடித்துக்கொள்ளும். மேட்டு அச்சு சுருங்கித் தானாகவே விட்டுக்கொடுக்கும். ஆகவே குழாயோ பெட்டியோ செய்பவர்கள் மேட்டு அச்சாகவே கடைந்து வாங்கலாம்.