கிஸியின் வண்டி வீடு: மண்டபத்தில் படித்த ஓர் ஆங்கிலச் சிறார் நாவல்

இராமேசுவரத்துக்கு அருகே உள்ள எங்கள் ஊரான மண்டபத்தில் மாலை வேளைகளில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை படித்துச் சொல்வது ஓய்வுபெற்ற பிறகு எனக்கு ஏற்பட்ட பழக்கம். சென்ற கோடை விடுமுறைக்கு நான் எடுத்துக்கொண்ட புத்தகம், ரூமர் காடன் எழுதி 1972-இல் வெளிவந்த ‘தி டிடகோய்’ என்னும் ஆங்கிலச் சிறார் நாவல். ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்து, அதையே தமிழில் சொல்லி, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லிப் படித்ததில், சிறிய நாவலாக இருந்தும் முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. இங்கிலாந்தில் விட்பிரெட் இலக்கியப் பரிசின் சிறார் நூல் பிரிவு தொடங்கிய ஆண்டிலேயே அதைப் பெற்ற நூல் இது.

கதையின் நாயகி கிஸி லவலுக்கு வயது ஏழு. ‘ஜிப்ஸி’ என்று ஊரார் சொல்லும் நாடோடி இனமான ரோமானியும் ஐரிஷும் கலந்த குடும்பத்துப் பிள்ளை. அட்மிரல் ட்விஸ் என்ற கடற்படைப் பெரியவரின் பழத்தோட்டத்தில் நிற்கும் குதிரை வண்டிதான் அவளுடைய வீடு. அவளுக்கு இருப்பவர்கள் மிகவும் முதிர்ந்த ஒரு பாட்டியும் ஜோ என்ற கிழட்டுக் குதிரையும் மட்டுமே. பள்ளிக்கு அனுப்பப்பட்ட நாள் முதல், அவள் உடுப்பில் வீசும் விறகுப் புகை வாடையும் காதில் கிடக்கும் வளையமும் மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு இரையாகின்றன. பாட்டி இறந்ததும் ரோமானி முறைப்படி வண்டி வீட்டைத் தீயிட்டுவிடுகிறார்கள். கிஸிக்கு ஒரே நாளில் ஆளும் இல்லை, கூரையும் இல்லை.

இந்த இடத்தில் பாம்பன் பையன் ஒருவன், “சார், வல்லத்துக்காரர் செத்தா வல்லத்தையும் கொளுத்திடுவாங்களா? அப்ப மறுநாள் எதுல தொழிலுக்குப் போறது?” என்று கேட்டான். இறந்தவரின் உடைமை இருப்பவர்களோடு தங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம் என்று சொன்னேன். அவனுக்குத் திருப்தி இல்லை. யோசித்துப் பார்த்தால் நாவலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. வழக்கம் பாட்டிக்கு உரிய மரியாதையைச் செய்துவிட்டது. பிள்ளை மறுநாள் எங்கே போவாள் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. உறவினர்களுக்கு அவள் பாரமாகத் தெரிகிறாள், குதிரையோ விற்றுக் காசாக்கும் பொருளாகத் தெரிகிறது. ஜோவைக் காப்பாற்ற அதை ஓட்டிக்கொண்டு அவள் அட்மிரலின் வீட்டுக்குப் போகும் பகுதியை என் பிள்ளைகள் இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள்.

தலைப்பில் உள்ள ‘டிடகோய்’ என்ற சொல்லை விளக்கவே எனக்கு ஒரு மாலை முழுதும் தேவைப்பட்டது. முழு ரோமானி அல்லாத, கலப்பில் பிறந்த நாடோடியை இழிவாகக் குறிக்கும் சொல் அது. ஊர்க்காரர்களுக்குக் கிஸி நாடோடி. அசல் ரோமானி என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களுக்கு அவள் அரைகுறை. மண்டபத்தில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இங்குள்ள அகதிகள் முகாம், பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய பிறகு, கப்பலில் திரும்பி வந்தவர்களும், 1983-க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களும் இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். அங்கே ‘தோட்டக்காட்டான்’ என்று ஏசப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளை இங்கே ‘சிலோன்காரன்’ என்கிறார்கள். என் கூட்டத்தில் முகாம் பிள்ளைகள் மூவர் உண்டு. தலைப்பின் பொருளை நான் சொல்லி முடித்தபோது, மற்றவர்கள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்க, அந்த மூவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாவலின் மிகச் சிறந்த பகுதி, கிஸியைத் துன்புறுத்தும் மாணவியர் கூட்டத்தை அது காட்டும் முறை. அதன் தலைவி ப்ரூடன்ஸ் நன்றாக உடுத்திய, நன்றாகப் பேசுகிற, ஆசிரியர்களுக்குப் பிடித்தமான பெண். அவளுடைய தாய் ஊர் விவகாரங்களிலெல்லாம் தலையிடும் கௌரவமான மாது. தாய் நாகரிகமாகச் சொல்வதையே மகள் பள்ளி முற்றத்தில் நாகரிகம் இல்லாமல் செய்கிறாள். காடன் இதை எங்கும் விளக்கவில்லை, தாயின் பேச்சையும் மகளின் செயலையும் அடுத்தடுத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து கிஸியைப் பலமாகக் காயப்படுத்தும் அத்தியாயத்தை வாசிக்கும்போது எனக்கே குரல் தடுமாறியது. சிறு பிள்ளைகளுக்குப் படிக்கும் பெற்றோர் அதை முன்கூட்டியே ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

அக்னி தீர்த்தக் கரையில் ஊசி, பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்களைப் பற்றி என் பிள்ளைகளிடம் அடுத்த நாள் பேச்சுக் கொடுத்தேன். “பக்கத்துல போகாதே, பிள்ளை பிடிக்கிறவங்க” என்று வீட்டில் சொல்லியிருப்பதாக ஐந்து பேர் சொன்னார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற இதே பழியை ஐரோப்பா ரோமானியர்மீது நூற்றாண்டுகளாகச் சுமத்தி வந்திருக்கிறது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக எண்ணி ‘ஜிப்ஸி’ எனப் பெயரிட்டு, 1530-இலேயே அவர்களை நாட்டைவிட்டு விரட்டச் சட்டம் இயற்றிய நாடு இங்கிலாந்து. அவர்களுடைய மொழி இந்தியாவிலிருந்து சென்றது என்பது 1780-களில்தான் அறிஞர்களுக்குப் புலப்பட்டது. அவர்களும் தண்ணீரைப் ‘பானி’ என்றே சொல்கிறார்கள். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும், இந்தி முதலியவை அடங்கிய அதே இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே இங்கிலாந்து 1871-இல் இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் மாவட்டத்தில் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்து முதியவர்கள் இன்றும் ‘ரேகைச் சட்டம்’ என்றே சொல்வார்கள். குற்றம் செய்யும் முன்பே பிறப்பால் சந்தேகத்துக்கு உள்ளாவது எப்படி இருக்கும் என்பதை விளக்க, நான் ரோமானியரைத் தேடி இங்கிலாந்து வரை போக வேண்டியிருக்கவில்லை.

கிஸியை அடக்கமான, பாவப்பட்ட பிள்ளையாகக் காடன் எழுதவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. அவள் முரண்டு பிடிப்பாள், சண்டையிடுவாள், நன்றி சொல்ல மறுப்பாள். அட்மிரலின் வீட்டில் பெண்களே இல்லை. அவரும் அவரிடம் வேலை பார்க்கும் இருவரும் அவளை அதிகம் கொஞ்சாமல், அதிகம் விசாரிக்காமல், இருந்துகொள் என்று விட்டுவிடுவதால்தான் அவள் அங்கே தேறுகிறாள். ஆண்கள் மட்டும் உள்ள வீட்டில் பெண் பிள்ளை வளரலாகாது என்று ஆனபின் அவளை ஏற்றுக்கொள்ளும் மிஸ் ப்ரூக் நீதி வழங்கும் பொறுப்பில் இருப்பவர், அவசரமே இல்லாதவர். உதவி செய்கிறோம் என்ற பெயரில் பிள்ளையின் புகை வாடையையும் வளையத்தையும் கழுவித் துடைத்து எடுத்துவிட நினைக்கும் ஊரில், அந்தப் பெண்மணி பொறுத்திருக்கும் பொறுமையை இவ்வளவு நிதானமாக எழுதிய சிறார் நூலை நான் அதிகம் படித்ததில்லை.

குறைகளும் உண்டு. கிஸியின் சிக்கல்கள் தீர்வதற்குப் பெரும்பாலும் பெரிய வீட்டுக்காரர்களின் இரக்கமே வழியாகிறது. தோட்டமும் செல்வாக்கும் உள்ள ஓர் அட்மிரல் அருகில் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்பதைப் பற்றி நாவல் கவலைப்படவில்லை. பாட்டியைத் தவிர, அதில் வரும் ரோமானியப் பெரியவர்கள் நல்லவிதமாகக் காட்டப்படவும் இல்லை. நாவல் வெளிவருவதற்கு ஓராண்டுக்கு முன், 1971 ஏப்ரலில், லண்டனுக்கு அருகே முதல் உலக ரோமானி மாநாடு கூடித் தங்களுக்கென்று பெயரும், சக்கரம் பொறித்த கொடியும் வகுத்துக்கொண்டது. தங்களுக்காகத் தாங்களே பேசிய அந்த மனிதர்களில் ஒருவர்கூட இந்தக் கதைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இறுதிப் பகுதியில் எல்லாம் சற்று இனிப்பாகவே கூடிவருகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை.

நடை எளிதன்று. கடந்து போன நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் பின்னாளில் சொன்ன வார்த்தை நடுவில் வந்து விழும். யார் எப்போது பேசுகிறார் என்று நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் தாமே படிக்கப் பன்னிரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். பெரியவர் படித்துச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளையும் கேட்கும். வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதே நாவல் பிற்காலத்தில் ‘ஜிப்ஸி கேர்ள்’ என்ற பெயரிலும் வந்திருக்கிறது, இரண்டையும் வேறு வேறு என்று எண்ணி வாங்கிவிட வேண்டாம். 1976-இல் பிபிசி இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது ‘கிஸி’ என்றே பெயரிட்டது.

என் பிரதியை முகாம் பிள்ளைகளில் மூத்தவள் வாங்கிக்கொண்டு போய், அகராதியை வைத்து மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள். உப்புக் காற்றில் முன்னட்டை கழன்றுவிட்டதாம். ஒட்டித் தருவதாகச் சொன்னாள், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வேறொரு பிரதிக்குச் சொல்லியிருக்கிறேன்.