ஐந்தாவது புத்தகத்தில்தான் அப்பாவுக்குக் கல்யாணம்

தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பத்து வருஷமாக இந்த இரண்டு மணி நேரத்தை ஆங்கிலக் காதல் நாவல்களுக்கு எழுதிவைத்துவிட்டேன். அதிலும் ஒற்றை நாவல் எனக்கு அவ்வளவாக ஒட்டாது. ஒரு கதையில் ரெண்டு வரி பேசிவிட்டு ஓரமாய்ப் போகிற அண்ணன், அடுத்த கதையில் ஹீரோவாக வந்து நிற்க வேண்டும். அப்படிக் கொடி கொடியாகப் படரும் சீரிஸ்களில் எதை முதலில் எடுப்பது என்று தப்புத் தப்பாகப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். கீழே கதை விவரங்கள் கொஞ்சம் வெளியே வரும். அதைத் தொடாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது.

முதல் தப்பு மாம்பலத்துச் சந்து ஒன்றிலிருந்த வாடகை நூலகத்தில் நடந்தது. "எல்லாம் தனித்தனிக் கதைம்மா, எது வேணா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்கார அண்ணாச்சி. கைக்கு வந்தது நோரா ராபர்ட்ஸின் ‘ஒன் மேன்ஸ் ஆர்ட்’. மெய்ன் மாநிலக் கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் ஊர் கண்ணில் படாமல் வாழும் சிடுமூஞ்சிக் கார்ட்டூனிஸ்ட் கிராண்ட் கேம்பல், படம் வரைய வந்த ஓவியர் ஜென்னி. அதுவரை தேன். பிறகு மெக்ரெகர் என்று ஒரு குடும்பம் வந்தது பாருங்கள்! ஆளாளுக்குக் கேலி, ஆளாளுக்குப் பழைய கதை. முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி முழித்தேன். நான் எடுத்தது அந்தக் குடும்பத்தின் நான்காவது புத்தகம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பிறகு மற்றதையும் தேடிப் பிடித்துப் படித்து, டைரியின் கடைசிப் பக்கத்தில் வம்சாவளி போட்டேன். டேனியல் மெக்ரெகருக்கும் ஆனாவுக்கும் பிள்ளைகள் மூன்று பேர்: ஆலன், கெய்ன், செரீனா. செரீனா கட்டிக்கொண்டது ஜஸ்டின் பிளேடை. ஜஸ்டினின் தங்கை டயானாவைக் கட்டியது செரீனாவின் அண்ணன் கெய்ன். நம் ஊர்க் கணக்கில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஆலனின் மனைவி ஷெல்பி கேம்பல். அந்த ஷெல்பியின் உடன்பிறந்தவன்தான் கலங்கரை விளக்கத்துக் கிராண்ட். ஜென்னியோ ஜஸ்டினுக்கும் டயானாவுக்கும் ஒன்றுவிட்ட உறவு. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘இன்-லா’, ‘கஸின்’ என்று ரெண்டே வார்த்தைதான். செரீனாவும் டயானாவும் நாத்தனார்கள், டயானாவும் ஷெல்பியும் ஓரகத்திகள் என்று எழுதியதும் அந்தப் பந்தியில் யார் யாரைக் கேலி செய்தார்கள், எந்த உரிமையில் செய்தார்கள் என்று பளிச்சென்று விளங்கிவிட்டது. இன்றைக்கும் எந்த சீரிஸ் எடுத்தாலும் முதலில் முறை வைத்து எழுதிக்கொள்வது என் வழக்கம். யாராவது பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் ஜாதகப் பொருத்தம் பார்க்கிறேன் என்று நினைப்பார்கள்.

இந்த மெக்ரெகர் வரிசையில்தான் ஒரு விசேஷம் இருக்கிறது. ‘ப்ளேயிங் தி ஆட்ஸ்’, ‘டெம்ப்டிங் ஃபேட்’, ‘ஆல் தி பாஸிபிலிட்டீஸ்’, ‘ஒன் மேன்ஸ் ஆர்ட்’ நான்கும் 1985-இல் வந்தவை. நான்கிலும் டேனியல் பெரியவர். ஹையானிஸ் போர்ட்டில் கோட்டை மாதிரி வீடு, காது கிழியும் குரல், டாக்டர் மனைவிக்குத் தெரியாமல் ஒளித்துப் பிடிக்கும் சுருட்டு. (எங்கள் தாத்தா சர்க்கரை வியாதிக்காரர். மைசூர்பாக்கை வேட்டி மடிப்பில் ஒளித்துவைப்பார். டேனியலைப் படிக்கும்போதெல்லாம் அந்த நெய் வாசனைதான்.) பேரக்குழந்தை ஆசை அவருக்கு. கேட்டால், "உங்கம்மாதான் ஏங்கறா" என்று பழியைத் தூக்கி ஆனாமேல் போடுவார். செரீனா சீட்டாட்ட மேஜையில் வேலை பார்க்கும் கப்பலில் ஜஸ்டினைக் கொண்டுவந்து ஏற்றியதே இந்த மனுஷன்தான், மகளுக்குச் சொல்லாமல்.

பிறகு 1987-இல் ஐந்தாவதாக வருகிறது ‘ஃபார் நவ், ஃபாரெவர்’. டேனியலுக்குக் கார் விபத்து. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கூடுகிறார்கள். ஆனா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரை முதலில் சந்தித்த காலத்தை நினைத்துப் பார்க்கிறாள். இந்த ஐந்தில் கதையின் காலப்படி இதுதான் முதல் கதை. ஆனாலும் இதைத் தொடக்கத்தில் படித்தால், சர்ஜன் ஆவேன் என்று பிடிவாதமாக இருக்கும் ஒரு பெண்ணையும், வியாபாரத்துக்கு இடம் பார்ப்பதுபோல் மனைவி பார்க்கும் ஒரு முரட்டு இளைஞனையும் பற்றிய நாவல், அவ்வளவே. நான்கு புத்தகம் அவருடைய சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தால், அந்தக் கட்டிலில் அவர் சத்தமில்லாமல் கிடப்பது வயிற்றைப் பிசையும். பழவந்தாங்கலில் ஏறிய ஒரு அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டு, "தூசியாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

என் சித்தி பெண்ணுக்கு அந்தத் தூசி விழவில்லை. பாரதி சாலைப் பழைய புத்தகப் பிளாட்பாரத்தில் அவள் வாங்கியது ‘தி மெக்ரெகர்ஸ்: டேனியல் அண்ட் இயன்’. பிற்பாடு இரண்டிரண்டு கதைகளைச் சேர்த்து கதாபாத்திரங்களின் பெயரில் தலைப்பு மாற்றி வெளியிட்ட பதிப்புகளில் ஒன்று. வீட்டுக்குப் பெரியவர் கதைதானே முதலில் என்று தொடங்கினாள். முடித்துவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்கு" என்றாள். அந்த ‘தான்’ என்னைக் கொன்றுவிட்டது. பழைய பதிப்பு வாங்குகிறவர்கள் அட்டையை நம்பாமல் உள்ளே முதல் சில பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும் காப்புரிமை ஆண்டைப் பாருங்கள். பத்து வருஷத்தில் எனக்கு மிக அதிகமாக உதவியது அந்த ஒரு வரிதான்.

காலவரிசையையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு இதே குடும்பத்தில் இன்னொரு கூத்து உண்டு. 1988-இல் வந்த ‘ரெபெல்லியன்’ இந்தக் குடும்பத்தின் முன்னோர் கதை. 1745-இல் ஸ்காட்லாந்தில் நடந்த கிளர்ச்சியைச் சுற்றி நடக்கிறது. அதன் ஹீரோயின் பெயரும் செரீனா மெக்ரெகர்! பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கும் வழக்கம் அங்கேயும் இருக்கும்போல. தேதிப்படிதான் படிப்பேன் என்று நிற்கிறவர், தற்காலக் காதல் கதை கேட்டுவந்து வாள்சண்டையில் மாட்டிக்கொள்வார்.

வரிசை மாறினால் உண்மையிலேயே அடி விழும் சீரிஸும் இருக்கிறது. அதே ஆசிரியரின் செசபீக் பே வரிசையில் மூன்று அண்ணன் தம்பிகளுக்கு ஆளுக்கொரு புத்தகம், 1998-லும் 1999-லும் வந்தவை. மூன்றிலும் வளரும் சேத் என்ற பத்து வயதுப் பையன் யார் பிள்ளை என்ற முடிச்சு ஒன்றே ஒன்று. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழும். அந்தப் பையன் பெரியவனாகி ஊர் திரும்பும் நான்காவது புத்தகம் 2002-இல் வந்தது. அதை முதலில் எடுத்தால் போச்சு. கல்யாண ஏற்பாட்டு கம்பெனி நடத்தும் நான்கு தோழிகள் வரும் ‘பிரைட் குவார்ட்டெட்’டில் இந்தத் தலைவலியே இல்லை, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று போகலாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன்.

இனி என் பெரிய தப்பு. 2023 கடைசியில் ஆஃபரில் கிடைத்தது என்று எல் கென்னடியின் ‘தி கிரஹாம் எஃபெக்ட்’டைக் கிண்டிலில் இறக்கினேன். அட்டையில் ஒரு புதிய சீரிஸின் முதல் புத்தகம் என்றுதான் இருந்தது, பொய்யில்லை. ப்ரையர் என்ற கற்பனைக் கல்லூரி. பெண்கள் அணியில் ஐஸ் ஹாக்கி ஆடும் ஜீஜீ கிரஹாம். வேறு கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்த வாய் திறக்காத லூக் ரைடர். நீ என் ஆட்டத்தைச் சரிசெய், நான் உனக்காக அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று ஜீஜீ பேரம் பேசுகிறாள். அப்பா பெரிய ஹாக்கி வீரர், காரெட் கிரஹாம். சுவாரசியமாகத்தான் போனது. ஆனால் அப்பாவும் அம்மாவும் வரும் இடத்திலெல்லாம் ஆசிரியர் யாரையோ பார்த்துக் கண்ணடிப்பது போலிருந்தது. பார்த்தது என்னை இல்லை.

விசாரித்தால், நான் நுழைந்திருப்பது மூன்றாம் கட்டு. முதல் கட்டு ‘ஆஃப்-கேம்பஸ்’: ‘தி டீல்’, ‘தி மிஸ்டேக்’ 2015-இல், ‘தி ஸ்கோர்’, ‘தி கோல்’ 2016-இல். இரண்டாம் கட்டு ‘ப்ரையர் யூ’: 2018-லிருந்து 2020-க்குள் ‘தி சேஸ்’, ‘தி ரிஸ்க்’, ‘தி ப்ளே’, ‘தி டேர்’. அதற்கப்புறம் 2021-இல் ‘தி லெகஸி’. இதெல்லாம் தாண்டித்தான் ஜீஜீ.

திரும்பிப்போய் ‘தி டீல்’ எடுத்தேன். ஹன்னாவுக்கும் காரெட்டுக்கும் இடையே ஒரு பேரம். அவள் அவனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பதிலுக்கு அவன் காதலனாக நடித்து, அவள் கண் வைத்திருக்கும் வேறொருவனைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். மகள் செய்த பேரம் அம்மாவின் பேரத்தின் எதிரொலியாம். எனக்கோ மகளைப் பார்த்து அம்மா காப்பியடித்த மாதிரி தெரிந்தது! ஆசிரியர் எட்டு வருஷம் கழித்து வைத்த கண்ணடிப்பு என்னிடம் தலைகீழாக வந்து சேர்ந்தது.

காதல் நாவலில் கடைசியில் சேருவார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும், அதில் ஸ்பாய்லர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேருவது தெரிந்தால் ஒன்றும் குறையாது. ஆனால் இன்னொரு புத்தகத்தில் அவர்களுடைய குழந்தையைப் பார்த்துவிட்டால் குறையும். காரெட்டை அடித்து வளர்த்தவன் அவன் அப்பா, அவரும் பேர் பெற்ற ஹாக்கி வீரர். தானும் அந்த ஆள் மாதிரி ஆகிவிடுவோமோ என்ற பயம்தான் ‘தி டீல்’ முழுக்க அவனை உள்ளே அரிப்பது. நானோ அவனை ஏற்கெனவே இரட்டைப் பிள்ளைகளின் அப்பாவாகப் பார்த்துவிட்டேன். அவன் பயப்படும்போதெல்லாம், "ஒண்ணும் ஆகாதுடா" என்று அவன் முதுகில் தட்டத் தோன்றியதே தவிர, கூடச் சேர்ந்து பயப்பட முடியவில்லை.

ஏறக்குறைய டேனியல் விஷயத்தில் நடந்ததேதான் இது, அங்கே இனித்தது இங்கே ஏன் கசந்தது என்று ரொம்ப நாள் யோசித்தேன். நோரா ராபர்ட்ஸ் அந்தத் திருப்பத்தைத் தெரிந்தே வைத்தார். நான்கு புத்தகமாகக் கிழவரை நம் மடியில் உட்காரவைத்துவிட்டுத்தான் இளமைக்கு அழைத்துப்போனார். இங்கே என்னை யாரும் தயார் செய்யவில்லை. ஆஃபர் பார்த்து நானே கொல்லை வாசல் வழியாக நுழைந்தேன்.

மீதியைச் சுருக்கிச் சொல்கிறேன். ‘தி மிஸ்டேக்’கை முதலில் படிக்காதீர்கள், நண்பன் காரெட்டின் காதலிமேல் அதன் ஹீரோ லோகனுக்கு வந்த தவிப்பில் இருந்துதான் அது ஆரம்பிக்கிறது. ‘தி ஸ்கோர்’, டக்கர் ஹீரோவாக வரும் ‘தி கோல்’ இரண்டும் ஒட்டிப்பிறந்தவை, காலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ‘தி ஸ்கோர்’ நடுவில் ஒரு சாவு வரும், யார் என்று சொல்லமாட்டேன். அதே சாவு ‘தி கோல்’ பக்கமிருந்து பார்க்கும்போது வேறு மாதிரி வலிக்கும். இரண்டுக்கும் இடையில் வேறு புத்தகம் நுழைக்க வேண்டாம். ‘தி சேஸ்’ படிக்காமல் ‘தி ப்ளே’க்குப் போனால் அதன் ஹீரோ ஹன்ட்டர் ஏன் அப்படி ஒரு விரதம் எடுக்கிறான் என்பதன் பாதி புரியாது. போதாததற்கு ‘தி சேஸ்’ஸில் வரும் முக்கோணமும் புஸ்ஸென்று போய்விடும். ‘தி டேர்’ தனியாகவே நிற்கும்.

‘தி லெகஸி’யில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் சண்டை. முதல் நான்கு ஜோடிகளின் கல்யாணத்துக்குப் பிந்தைய, முந்தைய நான்கு குட்டிக் கதைகள் அதில். அதனால் நான் வாங்கிய மின்புத்தகக் கடையில் அதை ‘ஆஃப்-கேம்பஸ் 5’ என்று அடுக்கியிருக்கிறார்கள். ‘தி கோல்’ முடித்த சூட்டோடு படித்தேன், சாப்பிட்டு எழுந்த உடனே பலகாரத் தட்டை நீட்டிய மாதிரி திகட்டியது. சென்ற வருஷம் மறுபடி எல்லாவற்றையும் வெளிவந்த வரிசையில் படித்தபோது, ‘தி டேர்’ முடிந்து, நான்கு புத்தகமாக அந்தப் பழைய கூட்டத்தைப் பார்க்காத ஏக்கத்தில் அதைத் திறந்தேன். அன்றைக்கு கிண்டி போனது தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை: எல் கென்னடியின் புத்தகங்களில் படுக்கையறைக் கதவு சாத்தப்படுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். ரயிலில் எழுத்தளவைக் கொஞ்சம் சின்னதாக வைத்துக்கொள்வதும் உத்தமம்.

சித்தி பெண்ணுக்கு இந்த முறை அட்டையையும் ஆஃபரையும் காட்டவில்லை. தைப்பொங்கலுக்கு வந்தவளிடம் டைரிப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன், பெயர்கள் இல்லாமல், வெறும் புத்தகத் தலைப்புகள் மட்டும் எழுதி. இப்போது ‘தி ஸ்கோர்’ பாதியில் இருக்கிறாள். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அக்கா, இந்த டக்கர் ஏன் அடிக்கடி காணாம போறான்? எங்கதான் போறான்?"

நீல டிக் விழுந்துவிட்டது. இன்னும் பதில் போடவில்லை.