உணவகத்தின் எதிரே ஓர் உணவு வண்டி

நெடுநாளாக இயங்கிவரும் ஓர் உணவகத்தின் எதிரே நிற்கும் உணவு வண்டியில் நான்கு முறை மதிய உணவு வாங்கி உண்ட பிறகு இதை எழுதுகிறேன். குறுகிய அடுக்களையில் இருவர் மட்டுமே நின்று சமைப்பதால் பட்டியலில் ஐந்தே வகைகள்தான் உள்ளன. ஆனால் அந்தச் சுருக்கமே அவர்களுக்கு வலிமை, ஏனெனில் ஒவ்வொன்றும் கண்முன்னே தயாராகிச் சுடச்சுடக் கைக்கு வருகிறது. சுவையில் குறை இல்லை.

ஜெனரேட்டரின் இரைச்சல்தான் தாங்க முடியவில்லை. உட்கார இடமில்லாததால் வாடிக்கையாளர் பலர் எதிர் உணவகத்தின் படிகளில் அமர்ந்து உண்டு (நானும் ஒருமுறை அமர்ந்தேன்), காகிதத் தட்டுகளை அங்கேயே விட்டுச் செல்கின்றனர். வாடகை, கழிப்பறை, பரிமாறும் ஊழியர் என எல்லாச் செலவையும் சுமக்கும் உணவகத்தாரின் மனத்தாங்கல் நியாயமானதே. உணவகங்களிலிருந்து 200 அடிக்குள் இத்தகைய வண்டிகள் நிற்கக் கூடாது என்ற சிகாகோ நகரின் விதி செல்லும் என 2019-இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், தூரத்தை அளந்து விலக்குவதைவிட, குப்பைத்தொட்டியையும் இரைச்சல் வரம்பையும் கட்டாயமாக்குவதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

பணம் வாங்குபவர் உணவைத் தொடுவதில்லை என்பது பாராட்டத்தக்கது. மழை நாளில் மட்டும் வண்டி வருவதில்லை.