கொடியேற்றமா, கதவு திறத்தலா?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கோயில் சடங்கு தொடங்குவதற்கு இரண்டு வழி உண்டு. மாமாங்கேஸ்வரர் போன்ற ஆகமக் கோயிலில் கொடியேற்றம். தர்ப்பையும் கொடிச்சீலையும் கொடிமரத்தில் ஏறும், குருக்கள் மந்திரம் சொல்வார், ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு திருவிழா முடியும். ஊர் எல்லைக்கு வெளியே இருந்து பார்ப்பவருக்கும் விளங்குகிற தொடக்கம் இது.

தம்பிலுவில், காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயில்களில் அப்படியில்லை. அங்கே வைகாசியில் கதவு திறத்தல். கண்ணகி கோயில்கள் பலவற்றில் மற்ற நாட்களில் கதவு பூட்டியே கிடக்கும் என்பதால், அன்றைக்குத் திறப்பது வெறும் சம்பிரதாயமில்லை. அம்மாள் உண்மையிலேயே வெளியே வருகிறாள் என்று சனம் நம்பும். நடத்துபவர் கப்புகனார் எனப்படும் பூசகர். பிறகு அம்மனின் கலியாணச் சடங்குக்கான கலியாணக்கால் நடுவார்கள், கண்ணகி கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரையைப் பாடிப் படிப்பார்கள், கடைசியில் திருக்குளிர்த்தி என்ற குளிர்விக்கும் சடங்கு. மதுரையை எரித்த கோபத்தைக் குளிரவைப்பதுதான் நோக்கம். அதனால் தொடக்கத்திலேயே ஒரு பயபக்தி ஒட்டிக்கொள்ளும்.

கொடியேற்றத்தில் அழகு கூடுதல். சரி, ஆனால் ‘தொடக்கம்’ என்பதன் முழுக் கனமும் எனக்குக் கதவு திறக்கும்போதுதான் தெரிகிறது. அழைப்பிதழ் அடிப்பவர்கள் இரண்டுக்கும் ‘உற்சவ ஆரம்பம்’ என்று ஒரே தலைப்புப் போடாமலிருந்தால் நல்லது.