நெல் பாக்கிக்கு வழக்குப் போடுவோர் கவனத்துக்கு: வழக்குக்கு முந்தைய வட்டி தானாக வராது

கஜா புயலுக்குத் தப்பி நின்ற சம்பாவை அறுத்து, 2019 பிப்ரவரியில், மன்னார்குடி பக்கத்தில் உள்ள எங்கள் களத்திலேயே 200 மூட்டை நெல்லை, மூட்டை 1,200 ரூபாய் என்று ஒரு வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்தேன். கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை நெல்லைக் கொட்டிவைத்துக் காவல் இருக்க ஆள் இல்லாததால்தான் அவரிடம் போனேன். நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாளில் “நெல் 200 மூ, பாக்கி 2,40,000” என்று நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்றைக்குத் தருவார், தவறினால் என்ன வட்டி என்பது அதில் இல்லை.

நடையாய் நடந்தும் பணம் வராததால், மூன்றாண்டுக் காலவரம்பு முடியும் முன், 2021 டிசம்பரில் வழக்குத் தொடுத்தேன். வியாபாரி ஏமாற்றியதைவிட, நம்பிப் போன வழக்கறிஞர் செய்ததுதான் இன்றும் மனத்தை அறுக்கிறது. முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, “எதுக்குங்க வீண் செலவு, வட்டியைக் கோர்ட்டே போட்டுக் கொடுத்துடும்” என்றார். பிராதில், அதாவது வழக்கு மனுவில், அசலையும் வழக்குத் தேதி முதலான வட்டியையும் மட்டுமே கேட்டிருந்தார். 2024இல் வந்த தீர்ப்பாணையும் அதையே, 6 சதவீத வட்டியோடு, அளித்தது. வழக்குக்கு முந்தைய 34 மாதங்களுக்கு ஒரு பைசா இல்லை. ஆண்டுக்கு 7 சதவீதம் என்று கணக்கிட்டாலும் அது 47,600 ரூபாய். அதையும் சேர்த்துக் கேட்டிருந்தால், 3 சதவீத நீதிமன்றக் கட்டணமாகக் கூடுதலாக 1,428 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

வேறொரு வழக்கறிஞர் பிறகு விளக்கியதை எழுதுகிறேன். வழக்கு நடக்கும் காலத்துக்கும் தீர்ப்புக்குப் பிந்தைய காலத்துக்குமான வட்டியை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி அளிக்கிறது. பிந்தைய வட்டி பொதுவாக 6 சதவீதத்தைத் தாண்டாது. வணிக நடவடிக்கை என்றால் தாண்டலாம். வழக்குக்கு முந்தைய வட்டிக்கோ ஒப்பந்தமோ சட்டமோ ஆதாரமாக இருக்க வேண்டும். அதைப் பிராதில் தொகையாகக் கணக்கிட்டுக் கேட்கவும் வேண்டும். 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, எழுத்து ஆவணத்தில் பணம் தரும் நாள் குறிக்கப்பட்டிருந்தால் அந்த நாளிலிருந்தும், இல்லையென்றால் வட்டி கேட்டு அனுப்பிய நோட்டீஸில் குறிப்பிட்ட நாளிலிருந்தும் வட்டி அளிக்கலாம். முதல் வழக்கறிஞர் வீண் செலவு என்ற நோட்டீஸின் மதிப்பு இதுதான். நோட்டீஸ் இல்லாவிட்டாலும், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 61ஆம் பிரிவைக் காட்டி, விலை தரவேண்டிய நாளிலிருந்து வட்டி கேட்டிருக்கலாம். அரைத்தாளுக்குப் பதிலாகப் புரோநோட்டு வாங்கியிருந்தால், அதில் வட்டி விகிதம் எழுதாமல் விட்டிருந்தாலும் சட்டமே 18 சதவீதம் தருகிறது.

தீர்ப்பாணை நகலோடு போய்க் கேட்டபோது, “விட்டுப்போனதைத் தனி வழக்காப் போட்டுக்கலாம்” என்று அந்த முதல் வழக்கறிஞர் சொன்னதும் உண்மையல்ல. ஒரே உரிமைக்கோரிக்கையில் கேட்காமல் விட்ட பகுதிக்கு மறுபடி வழக்குத் தொடுப்பதை அதே நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 2, விதி 2 தடுக்கிறது. தீர்ப்பாணையில் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி பற்றிப் பேச்சே இல்லையென்றால் அதுவும் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பதால், நகல் வாங்கியவுடன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

இந்தக் குறுவைக்கு நெல் எடுக்க வந்தவரிடம் பணம் தரும் தேதியையும் வட்டியையும் எழுதி வாங்கிய பிறகே மூட்டையை வண்டியில் ஏற்ற விட்டேன்.